படிவம் ஒன்று ஆங்கிலம்: பள்ளியே போதுமா, டியூஷனா, கைப்பேசியா, வீட்டு அஞ்சடியா?

"அக்கா, பையன் படிவம் ஒன்றுக்குப் போறான். ஆங்கிலத்துக்கு எந்த டியூஷன்ல போடலாம்?"

பள்ளி திறக்கும் மாதம் வந்தால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். மீன் கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், பள்ளி வேன் நிற்கும் இடத்தில் கேட்பார்கள். நான் ஆசிரியை இல்லை. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த என் இரண்டு பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுக்குப் போனபோது, மூத்தவள் விஷயத்தில் தப்பாக முடிவெடுத்தேன், இளையவன் விஷயத்தில் ஓரளவு தேறினேன். அந்த அனுபவத்துக்காகத்தான் கேட்கிறார்கள்.

எந்த டியூஷன் என்று கேட்பதற்கு முன்னால், டியூஷன் வேண்டுமா என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், படிவம் ஒன்றில் ஆங்கில வகுப்பு பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெரிய வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன். பிறகு நான்கு வழியையும் வைத்துப் பார்க்கலாம்: பள்ளி மட்டும், டியூஷன், கைப்பேசி, வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் நாலு பிள்ளைகள் சேர்ந்து படிப்பது.

## வகுப்பில் என்னதான் கேட்கிறார்கள்?

நாம் படித்த காலத்துக் கணக்கு இப்போது ஒத்துவராது. தொடக்கப்பள்ளி முடிவில், ஆறாம் ஆண்டில் இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் போய்விட்டது. படிவம் மூன்றில் இருந்த பிடி3 தேர்வும் 2022-இல் போனது. வகுப்பறை மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆசிரியர் பிள்ளையைக் கவனித்து 1 முதல் 6 வரை ஒரு நிலை போடுவார். 3, 4 வந்தால் எதிர்பார்த்த அளவை எட்டிவிட்டான் என்று பொருள். 5, 6 அதற்கு மேல். 2022/2023 தவணையிலிருந்து ஆண்டிறுதியில் யு.ஏ.எஸ்.ஏ. தேர்வும் வைக்கிறார்கள்.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெரிய தேர்வு இல்லை என்றதும் "படிவம் நாலுல பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மதிப்பீடு சாதாரண நாள்களில்தான் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை குழுவாக உட்கார்ந்து பேசியது, வியாழக்கிழமை முன்னால் நின்று சொன்னது, ஒரு பத்தி எழுதியது, ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் குறித்தது, ஒரு கவிதையைப் படித்துத் தனக்குத் தோன்றியதைச் சொன்னது, எல்லாம் கணக்கில் வரும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல், இலக்கியம் என்று பாடமே ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறது. இலக்கணம் இவற்றுக்குள் கரைந்து வரும்.

அளவுகோல் ஐரோப்பிய மொழித்தர அளவு, ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஏறும். ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை ஏ2 நிலையில் இருக்க வேண்டும், படிவம் மூன்றில் பி1, படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரும்போது பி1-க்கும் பி2-க்கும் நடுவில் என்பது திட்டம். ஏ2 என்றால் தன் குடும்பம், வீடு, அன்றாட வேலை, கடைக்குப் போவது இவற்றை எளிய வாக்கியத்தில் சொல்லத் தெரிவது. பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் தேசியப் பள்ளியைவிடத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம் காதில் விழாத செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏ2 எட்டாத தூரத்தில் இருக்கலாம். அவன் போய் உட்காரும் வகுப்போ அவனுக்கு ஏ2 கைவசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொடங்கும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. அதாவது பாதி மதிப்பெண் வாய்க்கும் காதுக்கும் போகிறது. எழுத்துத் தாளில் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொல்லில் குறிப்பு கொடுத்த கட்டுரை, 200 முதல் 250 சொல்லில் ஒரு நீண்ட எழுத்து. பன்னிரண்டு வயதில் ஐந்து வரி சொந்தமாக எழுதிப் பழகாத கை பதினேழு வயதில் 250 சொல் எழுதாது.

## பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கம்

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் முதல் வாரத்தில் எழுதியதை, ஒலிப்பு மாறாமல் அப்படியே தருகிறேன்: "மை ஃபாதர் ஒர்க் எஸ்டேட். ஹி வெரி ஸ்ட்ராங். யெஸ்டர்டே ஹி கோ டு போலிஸ் ஸ்டேஷன்."

மூன்று வரிக்குள் படிவம் ஒன்றின் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. "அப்பா பலசாலி" என்று தமிழில் சொன்னால் நடுவில் "இஸ்" போல எதுவும் தேவையில்லை. மலாயிலும் தேவையில்லை. இரண்டு மொழியும் சேர்ந்து அவனை ஒரே குழியில் தள்ளுகின்றன. "போலிஸ்" அவன் நோட்டில் மலாய் எழுத்துக்கூட்டலில் இருந்தது. சைன்ஸ், டாக்ஸி, மியூசிக், யுனிவர்சிட்டி எல்லாம் மலாயிலும் உண்டு, எழுத்து மட்டும் வேறு. காலையெல்லாம் மலாயில் அறிவியல் படித்துவிட்டு வந்தவன் கை அப்படித்தான் போகும். அது முட்டாள்தனம் இல்லை, அவனைத் திட்டாதீர்கள்.

"யெஸ்டர்டே ஹி கோ" மட்டும் வேறு கதை. மலாயில் நேற்றுக்கும் நாளைக்கும் "பெர்கி" ஒன்றுதான். தமிழில் அப்படி இல்லை: போகிறார், போனார், போவார். காலம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் செய்வது இவ்வளவுதான்: "முதல்ல தமிழ்ல சொல்லு." "அப்பா போனாரு." "போனாருன்னா?" ஒரு நொடி யோசித்து "வெண்ட்" என்பான். தமிழ் தெரிந்த பிள்ளைக்குக் கையில் இருக்கும் ஆயுதம் இது. இதைப் பயன்படுத்திய டியூஷன் ஒன்றையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

முன்பு நான் அளந்தது கட்டணத்தையும் பெயரையும். இப்போது இவற்றைப் பார்க்கிறேன்.

முதலாவது, வாரத்தில் எத்தனை நிமிடம் என் பிள்ளையின் வாய் திறக்கிறது, எத்தனை வரி அவன் கை சொந்தமாக எழுதுகிறது. ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பது இதில் சேராது.

இரண்டாவது, எழுதியதை யார் திருத்துகிறார்கள், எத்தனை நாளில் திரும்பி வருகிறது. திருத்தாமல் எழுதிக்கொண்டே போனால் தப்பு உறைந்துவிடும்.

மூன்றாவது, பள்ளிப் பாடத்தோடு ஒத்துப்போகிறதா.

நான்காவது, பணமும் பாதையும் தூக்கமும். மூன்றையும் ஒரே தலைப்பில் வைப்பதற்குக் காரணம், நம் ஊரில் அவை ஒன்றாகத்தான் செலவாகின்றன.

ஐந்தாவது, தீபாவளி தாண்டியும் நிற்குமா.

இடையில் ஒன்று. "படிவம் ஒன்றுக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தால் ஆங்கிலமும் தேறிவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். புகுமுக வகுப்பு மலாய் மொழியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. மலாய்க்காக அது தேவை என்றால் போகட்டும். ஆங்கிலத்தை நினைத்து அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

## ஒன்று: பள்ளியே போதும்

பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கு ஆண்டுக்கு 112 மணி நேரம் இருக்கிறது. எந்த டியூஷனும் இவ்வளவு நேரம் தராது. கட்டணம் கிடையாது. பாடநூல் இரவல் திட்டத்தில் புத்தகமும் இலவசம், அதில் எழுதக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. பயிற்சியை அதிலேயே பேனாவால் எழுதிவிட்டு ஆண்டிறுதியில் விழிக்காமல் இருக்க ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அரசு தரும் 150 ரிங்கிட் உதவியில் அந்த நோட்டும் ஒரு நல்ல அகராதியும் அடங்கும்.

பள்ளி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிள்ளை பள்ளியைப் பயன்படுத்துகிறவனாக இருக்க வேண்டும். ஆங்கிலக் கழகத்தில் சேர வேண்டும். கூட்டாக ஒப்புவிக்கும் போட்டிக்கு ஆள் எடுத்தால் கை தூக்க வேண்டும். முப்பது பேர் சேர்ந்து சொல்லும்போது வெட்கம் இருக்காது, உச்சரிப்பு தானாக வரும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவை நண்பனைப் பார்த்து எழுதாமல் நிஜமாகவே படித்துவிட்டுப் பதிய வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு, சத்தமில்லாமல் பின்தங்குவது. முப்பத்தைந்து பேர் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டான். குழு வேலையில் நன்றாகப் பேசும் ஒருவன் பேசிவிடுவான், மற்ற நால்வரும் அட்டையில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். தோற்றான் என்று வீட்டுக்குக் கடிதம் வராது. நிலை 2 என்று ஒரு தாளில் வரும், அது என்னவென்று நமக்கும் புரியாது.

இது யாருக்குச் சரி? ஆறாம் ஆண்டிலேயே பத்து வரி சொந்தமாக எழுதியவர்களுக்கு. அல்லது, பெற்றோரில் ஒருவர் மாதம் ஒருமுறையாவது ஆசிரியரிடம் "பேசுகிறானா?" என்று கேட்கத் தயாராக இருக்கும் வீட்டுக்கு. "மார்க் எவ்வளவு?" என்று கேட்டால் மார்க்தான் பதிலாக வரும்.

## இரண்டு: ஊரில் இருக்கும் டியூஷன் சென்டர்

மூத்தவள் விஷயத்தில் நான் தப்பு செய்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்டரின் பெயர் எதற்கு? எல்லாரும் சேர்த்தார்கள், நானும் சேர்த்தேன். வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், அறையில் இருபத்தைந்து பிள்ளைகள். அப்போது கணக்கு எழுதுகிற எனக்கே கணக்குப் போடத் தோன்றவில்லை. 90 நிமிடத்தை 25 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்றரை நிமிடம் சொச்சம். ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முழு நேரத்தையும் பிள்ளைகளுக்கே கொடுத்தாலும் அவ்வளவுதான். அவர் பேசாமலா இருப்பார்?

ஆறு மாதம் கழித்து அவள் கையில் ஒரு கோப்பு நிறைய மாதிரிக் கட்டுரைகள் இருந்தன. அழகான ஆங்கிலம். "கடற்கரைக்குப் போன நாள்" கட்டுரையை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். ஆண்டிறுதியில், உன் ஊரில் உனக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றி எழுது என்று கேட்டிருக்கிறார்கள். கடற்கரையை எழுதிவிட்டு வந்தாள். சுங்கை சிப்புட்டில் கடற்கரை! ஆசிரியர் அந்தத் தாளில் சிவப்பில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

எல்லா டியூஷனும் இப்படி இல்லை. பத்துப் பேருக்குள் இருந்து, எழுதியதை வாங்கித் திருத்திக் கொடுத்தால், அது பணத்துக்குத் தகும். சேர்ப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: "வகுப்பில் எத்தனை பேர்?", "ஏற்கெனவே படிக்கும் பிள்ளை ஒன்றின் திருத்திய நோட்டைப் பார்க்கலாமா?" இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வந்துவிடுங்கள்.

செலவுக்கு வருவோம். மாதம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதத்துக்கு 600. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் மாதா மாதம் 120 போகும். அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டும். அதன்மேல் பதிவுக் கட்டணம், ஜெராக்ஸ் காசு, வேன் இல்லாத நாளில் மோட்டாரில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம், அங்கே நிற்கும்போது வாங்கும் மீ கோரேங். தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இரவு செம்பனைக் காட்டுப் பாதையில் திரும்புவதும் உண்டு. விளக்கில்லாத அந்தப் பாதையில் பெண்பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தூக்கம் இன்னொரு செலவு. இரண்டு அமர்வு நடக்கும் பள்ளிகளில் படிவம் ஒன்று பெரும்பாலும் மதிய அமர்வில் இருக்கும். பிள்ளை வீடு வர ஆறரை, ஏழு ஆகும். அதற்கு மேல் டியூஷன் என்றால் அவன் கொட்டாவிக்குத்தான் கட்டணம் கட்டுகிறோம். மதிய அமர்வுப் பிள்ளைக்குக் காலை வகுப்பு கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

டியூஷன் நிச்சயமாக நல்லது என்று நான் சொல்லும் இடம் இரண்டு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய், மாலையில் வீட்டில் கேட்க ஆளே இல்லாத பிள்ளைக்கு. அப்புறம், படிவம் நான்கு, ஐந்தில் எஸ்.பி.எம். தாளின் நெளிவு சுளிவு பழக. படிவம் ஒன்றில் கட்டும் பணத்தைச் சேர்த்து வைத்து அப்போது கட்டினால் பலன் கூட.

## மூன்று: கைப்பேசியும் ஆன்லைன் வகுப்பும்

இதில் இரண்டு வகை. காசு கட்டிச் சேரும் நேரலை வகுப்பு ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் தளங்கள் இன்னொன்று.

நேரலை வகுப்பில் பாதை, பெட்ரோல், இரவுப் பயணம் எதுவும் இல்லை. நல்ல ஆசிரியர் கோலாலம்பூரில் இருந்தாலும் கிடைப்பார். ஆனால் நாற்பது பேரின் மைக்கை மூடிவிட்டு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அது தொலைக்காட்சி. ஐந்தாறு பேர் உள்ள குழுவாக இருந்து, ஒவ்வொருவராகப் பேச வைத்தால்தான் அது வகுப்பு. தோட்டத்து உள்பகுதியில் லைன் விழுந்து விழுந்து எழும். பல வீடுகளில் நல்ல கைப்பேசி அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வரும்வரை அது வீட்டில் இருக்காது. சேர்வதற்கு முன், வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் ஒரு வாரம் லைன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இலவசத் தளங்கள் வேறு ரகம். பிரிட்டிஷ் கவுன்சில் பதின்ம வயதினருக்கென்று நடத்தும் ஆங்கிலத் தளத்தில் பாடங்கள் ஏ1, ஏ2, பி1 என்று நிலை வாரியாக இருக்கின்றன. பள்ளியின் அளவுகோலும் அதுவே என்பதால் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று குழம்ப வேண்டாம். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி கேட்டலுக்கு நல்லது, ஆனால் படிவம் ஒன்றுக்குக் கொஞ்சம் கடினம். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்துக்குப் பிள்ளையிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கும், கடவுச்சொல்லை மறந்திருப்பான். தேசிய நூலகத்தின் யு-புஸ்தகாவில் இலவசமாகவே மின்னூல் இரவல் வாங்கலாம்.

காதுக்கு இவை அருமை. கைக்கும் வாய்க்கும் பெரிதாக உதவாது.

கைப்பேசியின் மறைந்த செலவை இப்போது எல்லாரும் பார்க்கிறோம். வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் அரை நிமிடத்தில் கட்டுரை வந்துவிடும். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பையன் தன் தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரையில் "மெட்டிகுலஸ்" என்று ஒரு சொல் இருந்தது. ஆசிரியர் எழுப்பி நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். "எனக்கும் தெரியல டீச்சர், தாத்தாவைத்தான் கேட்கணும்" என்றானாம். பையனுக்குச் சமயோசிதம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அந்தச் செயலியையே வேறு மாதிரி பயன்படுத்தலாம்: முதலில் நோட்டில் தானே எழுதிவிட்டு, "எங்கே தப்பு, ஏன் தப்பு" என்று மட்டும் கேட்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதில் அந்தக் கட்டுப்பாடு தானாக வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

யாருக்குச் சரி? லைன் நன்றாக உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளை, பக்கத்தில் அக்காவோ அண்ணனோ இருந்தால் சரி. மற்றவர்களுக்கு இது ஊறுகாய் மாதிரி. சோறு வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

## நான்கு: வீட்டு அஞ்சடி

நாலு பிள்ளைகள், நாற்பது நிமிடம், வாரம் மூன்று மாலை. ஆளுக்குப் பத்து நிமிடம் வாய் திறக்கிறது. வாரத்துக்கு முப்பது நிமிடம். டியூஷன் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நடத்துவதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதில்லை, ஆனால் திருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் வரிசையில் படிவம் ஆறு படிக்கும் பெண் ஒருத்தி சனிக்கிழமை வந்து நான்கு நோட்டையும் திருத்துவாள். நாலு வீடும் ஆளுக்கு 10 ரிங்கிட் போட்டு மாதம் 40 கொடுக்கிறோம். வார நாளில் நான் காவல் மட்டும்தான்.

என்ன செய்கிறோம்? திங்கள்கிழமை பாடநூலில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பது. புதன்கிழமை பேசுவது. வெள்ளிக்கிழமை எட்டு வரி எழுதுவது. புதன்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். பாடநூல் வெளிநாட்டுப் பதிப்பகம் போட்டது, அதில் வரும் ஊரும் பெயரும் பிள்ளைகளுக்கு அந்நியம். அதனால் அதில் கேட்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் கொண்டுவருவோம். "ஒருவரின் அன்றாட வேலையைச் சொல்" என்று இருந்தது. ஒரு பையன் அப்பாவைச் சொன்னான். விடியற்காலை எழுகிறார், கம்பில் கட்டிய அரிவாளை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் போகிறார். இதுவரை ஆங்கிலம் வந்தது. குலைக்கு என்ன சொல்வது? "பனானா மாதிரி பஞ்ச்" என்றாள் இன்னொருத்தி. சரிதான். உதிரிப் பழத்துக்கு? நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மில்லில் வேலை செய்கிறார். "லூஸ் ஃப்ரூட்னுதான் எங்க ரசீதுல போடுவாங்க" என்றார். அன்று அந்தப் பையன் நிற்காமல் இரண்டு நிமிடம் பேசினான். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் பேசியதெல்லாம் அவனுடையது. அப்பாவின் காலைப் பொழுதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவனைப் பேச்சுத் தாளில் எந்தக் கேள்வியும் அதிகம் மிரட்டாது என்று நினைக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். நடத்துகிறவரின் மாலை போய்விடும். துணி மடிப்பது இரவு பத்து மணிக்குத் தள்ளிப்போகும். பிள்ளைகள் சண்டை போட்டால் அம்மாக்களும் போடுவார்கள், ஒருமுறை இரண்டு வாரம் வகுப்பே நின்றது. தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று ஒவ்வொன்றுக்கும் அறுந்து அறுந்து போகும். திருத்த ஆள் இல்லாமல் நடத்தினால் தப்பான ஆங்கிலத்தைக் கூட்டாகப் பழகுவார்கள், அது தனியாகப் பழகுவதைவிட மோசம். வகுப்பில் முன்னணியில் இருக்கும் பிள்ளைக்கு இங்கே சலிப்பும் தட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பள்ளி மட்டும் | டியூஷன் சென்டர் | கைப்பேசி | வீட்டு அஞ்சடி |
|---|---|---|---|---|
| பிள்ளை பேசும், எழுதும் நேரம் | கேட்டு வாங்கினால் உண்டு | கூட்டம் அதிகமானால் மிகக் குறைவு | பேச்சு குறைவு, கேட்டல் அதிகம் | அதிகம் |
| திருத்துவது | உண்டு, தாமதமாகலாம் | சென்டரைப் பொறுத்தது | செயலி திருத்தும், பக்கத்தில் ஆள் வேண்டும் | ஆள் கிடைத்தால் மட்டும் |
| பள்ளிப் பாடத்தோடு ஒட்டுதல் | அதுவேதான் | பெரும்பாலும் தேர்வை ஒட்டி | நிலை ஒத்துப்போகும், பாடம் ஒத்துப்போகாது | பாடநூலை வைத்து நடத்தினால் ஒட்டும் |
| பணம் | இல்லை | மாதக் கட்டணமும் சில்லறையும் | டேட்டா, நேரலைக்குக் கட்டணம் | சிறு தொகை |
| பாதை, தூக்கம் | கூடுதலாக இல்லை | அதிகம் | பாதை இல்லை, தூக்கம் போகலாம் | இல்லை |
| ஆண்டு முழுக்க நிற்குமா | நிற்கும் | பணம் கட்டியதால் நிற்கும் | முதலில் அறுந்துபோவது இதுதான் | நடத்துகிறவர் கையில் |

## என்னைக் கேட்டால்

சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் சராசரிப் பிள்ளைக்குப் படிவம் ஒன்றில் பள்ளியும் அஞ்சடியும்தான். கைப்பேசியில் வாரம் இரண்டு நாள் காதுக்குப் பயிற்சி. டியூஷனைப் படிவம் நான்கு வரை தள்ளிப் போடலாம்.

திருத்த ஆளே கிடைக்காத வரிசை என்றால், பத்துப் பேருக்குள் நடத்தும் டியூஷன்தான் வழி. சில வீட்டில் பிள்ளை அம்மா பேச்சைக் கேட்கவே மாட்டான், வெளியாள் சொன்னால்தான் கேட்பான். அவனுக்கும் டியூஷன்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈப்போ வரை போய்ப் படிக்க வைப்பதெல்லாம் படிவம் ஒன்றுக்குத் தேவையில்லாத அலைச்சல். ஏற்கெனவே நன்றாக எழுதும் பிள்ளையைச் சும்மா விட்டுவிடுங்கள், கதைப் புத்தகம் மட்டும் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். பிள்ளையிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, அகராதி இல்லாமல், கைப்பேசி இல்லாமல், தன் வீட்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே தலைப்பில் மறுபடியும் எழுத வைத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். வரி கூடியிருக்கிறதா, "இஸ்" வந்துவிட்டதா, "வெண்ட்" வந்துவிட்டதா என்று ஆங்கிலம் தெரியாத அம்மாகூட எண்ணிப் பார்த்துவிடலாம். ஒன்றுமே மாறவில்லை என்றால் வழியை மாற்றுங்கள், முன்பணம் கட்டிவிட்டோமே என்று பார்க்க வேண்டாம்.

இளையவனின் முதல் தாளில் ஐந்து வரி இருந்தது, கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது தாளில் பதினொன்று. அதில் வீட்டைப் பற்றி மூன்று வரிதான், மீதி எட்டும் எங்கள் வீட்டு நாயைப் பற்றி. அவனுக்கும் "போலிஸ்" இன்னும் மலாயில்தான் இருக்கிறது.